பட்டமும் உரிமமும்: வானூர்திக் கல்வி பற்றிச் சில குறிப்புகள்

ஈக்காட்டுத்தாங்கலில் வாழும் நமக்கு விமானம் புதுமையன்று. பாடவேளையின் நடுவே கிண்டிப் பக்கமிருந்து இரைச்சல் எழும். ஆசிரியை சற்றே நிறுத்துவார். இரைச்சல் ஓய்ந்ததும் பாடம் தொடரும். 2015-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மெட்ரோ இரயில் நிலையத்தின் மேல்தளத்தில் நின்றால், தெற்கே பரங்கிமலையை ஒட்டி விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாழ்ந்து செல்வதைக் காணலாம். நாள்தோறும் காண்கிறோம், ஆனால் எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்?

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் விமானங்கள் பெரும்பாலும் மீனம்பாக்கத்திலிருந்து எழும்பி, கிண்டியைத் தாண்டிக் கடலை நோக்கி ஏறுகின்றன. வேறு சில மாதங்களில் அதே வழியில் கடற்பக்கமிருந்து வந்து மேற்கு நோக்கி இறங்குகின்றன. இது விமானியின் விருப்பத்தைப் பொறுத்ததன்று. விமானம் காற்றை எதிர்கொண்டே எழும்ப வேண்டும். எதிர்கொண்டே இறங்கவும் வேண்டும். எதிர்க்காற்று இருந்தால் இறக்கைக்கு வேண்டிய தூக்குவிசை விரைவில் கிடைக்கிறது. தரையில் ஓட வேண்டிய தூரமும் குறைகிறது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது ஒரு திசை, தென்மேற்குக் காற்று வீசும்போது மறுதிசை. ஆனி, ஆடி மாதங்களில் காலையில் ஒரு புறமாக இறங்கிய விமானங்கள், பிற்பகலில் கடற்காற்று உள்ளே வந்ததும் மறுபுறமாக இறங்கத் தொடங்குவதும் உண்டு. மொட்டைமாடியில் துணி உலர்த்தும் நம் அன்னையர் காற்றுத் திரும்பியதை உணரும் அதே வேளையில் விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரமும் உணர்கிறது.

மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதையின் ஒரு முனையில் 07 என்றும் மறுமுனையில் 25 என்றும் எழுதியிருக்கும். இவை வரிசை எண்கள் அல்ல. திசைகாட்டியில் வடக்கிலிருந்து வலமாக அளந்த கோணத்தின் கடைசி இலக்கத்தை விட்டு எழுதியவை. 07 என்றால் ஏறத்தாழ 70 பாகை. அதாவது கிழக்குக்குச் சற்று வடக்கே. 25 என்றால் 250 பாகை. இரண்டுக்கும் வேறுபாடு 180 பாகை என்பதை ஏழாம் வகுப்புச் சிறுமியும் மனக்கணக்காகச் சொல்லி விடுவாள். இரண்டாவது ஓடுபாதை 12, 30 என்ற எண்களை உடையது. அதன் ஒரு பகுதி அடையாற்றின் மேல் பாலமாகவே கட்டப்பட்டிருக்கிறது. நம் ஊரை ஒட்டி ஓடும் அதே அடையாறுதான்.

இப்படி விமானங்களைப் பார்த்தே வளர்வதாலோ என்னவோ, ஆண்டுதோறும் மேல்வகுப்பு மாணவியரில் இரண்டொருவர், "விமானியாக வேண்டும், என்ன படிக்கலாம்?" என்று கேட்கின்றனர். பெற்றோரும் கேட்கின்றனர், ஆனால் அவர்கள் கேள்வி சற்று வேறு: "எந்தக் கல்லூரியில் சேர்ப்பது?" இவ்விரண்டு கேள்விகளும் ஒன்றே என்று எண்ணுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. பெயரில் 'ஏவியேஷன்' என்ற சொல் இருந்துவிட்டால், படிப்பு முடிந்ததும் மகள் விமானம் ஓட்டுவாள் என்று நம்பி நகையை அடகு வைத்துப் பணம் கட்டிவிடுகின்றனர். மூன்றாண்டு கழித்துக் கையில் பட்டம் இருக்கிறது. விமானம் ஓட்ட அனுமதி இல்லை.

பட்டம் தருவது பல்கலைக்கழகம். விமானம் ஓட்டும் உரிமம் தருவதோ டி.ஜி.சி.ஏ. எனப்படும் மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். மோட்டார்ப் பொறியியலில் பட்டம் பெற்றவரும், பேருந்து ஓட்ட வேண்டுமானால் தனியே லைசென்ஸ் வாங்கத்தானே வேண்டும்? வானிலும் அதே முறைதான்.

இதற்கு இரண்டு பெரியவர்களின் வாழ்க்கையையே சான்றாகக் காட்டலாம். 1929 பிப்ரவரி 10-ஆம் நாள் இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் எண் கொண்ட விமானி உரிமத்தைப் பெற்றவர் ஜே.ஆர்.டி. டாட்டா. 1932 அக்டோபர் 15-இல் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் பைகளைத் தாமே ஓட்டிக் கொண்டுவந்து இந்திய விமானப் போக்குவரத்தைத் தொடங்கி வைத்தவரும் அவரே. அவரிடம் பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் கிடையாது.

மற்றவர் நம் இராமேசுவரத்து அப்துல் கலாம். திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் முடித்த பிறகே தமக்கு வேண்டியது பொறியியல் என்று தெளிந்து, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இடம் பெற்றார். சி.ராஜம் என்பவர் 1949-இல் நிறுவிய அக்கல்லூரி, நாட்டில் வானூர்திப் பொறியியலைத் தொடக்கத்திலேயே கற்பித்தவற்றுள் ஒன்று. அந்நாளில் அது பி.எஸ்ஸி. தேறியவர்களுக்கான மூன்றாண்டுப் படிப்பு. சேர்க்கைக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. சகோதரி ஜோஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்த பணத்தில் அவர் சேர்ந்தார். கல்லூரியில் நிறுத்தி வைத்திருந்த இரு பழைய விமானங்களின் அருகே மற்றவர்கள் விடுதிக்குத் திரும்பிய பின்னரும் நெடுநேரம் அமர்ந்திருப்பாராம். படித்து முடித்ததும் விமானப் படையில் விமானியாக விரும்பி டேராடூன் தேர்வுக்குச் சென்றார். எட்டுப் பேருக்கு இடம். அவர் ஒன்பதாவதாக வந்தார். பட்டம் இருந்தும் விமானி ஆகவில்லை. அதன்பின் அவர் என்ன ஆனார் என்பது நாடறிந்தது. குடியரசுத் தலைவராக இருந்த 2006-இல், 74-ஆம் வயதில், சுகோய்-30 போர் விமானத்தில் விமானிக்குத் துணையாக அமர்ந்து பறந்தார்.

எம்.ஐ.டி. 1978 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாக இருக்கிறது. வானூர்தியை வடிவமைக்கவும் ஆராயவும் விரும்பும் மாணவிக்கு, நம் ஊரிலிருந்து இரயிலிலேயே போய்வரும் தொலைவில் இத்தகைய கல்வி கிடைப்பது பெரும்பேறு. சென்னை ஐ.ஐ.டி.யிலும் இத்துறை உண்டு. விமானத்தைப் பழுது பார்த்துப் பராமரிக்கும் பொறியாளர் படிப்பு வேறு; அவருக்கும் டி.ஜி.சி.ஏ. உரிமம் வேண்டும். அத்தகைய உரிமம் பெற்றவர் கையொப்பமிடாமல் பழுது பார்த்த விமானம் மீண்டும் பறக்க முடியாது. வான்வழிக் கட்டுப்பாட்டு அலுவலர் பணிக்கு இயற்பியல், கணிதத்துடன் கூடிய பி.எஸ்ஸி. அல்லது பொறியியல் பட்டம் பெற்று விமான நிலைய ஆணையத்தின் தேர்வை எழுதலாம். கடன் வாங்க வேண்டாத வழி இது. ஏனோ நம் பெற்றோர் இதைப் பற்றிக் கேட்பதே இல்லை.

இனி, ஓட்டுவதற்கே வருவோம். இங்கே கல்வியை ஆண்டுகளால் அளப்பதில்லை. மணி நேரத்தால் அளக்கின்றனர். 16 வயதில் மாணவ விமானி உரிமம், 17-இல் தனியார் விமானி உரிமம், 18 நிரம்பியதும் ஊதியம் பெற்று ஓட்டுவதற்கான வணிக விமானி உரிமம். இந்த மூன்றாவதற்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் தானே தலைமை ஏற்று ஓட்டியதாக இருக்க வேண்டும். ஊர்விட்டு ஊர் செல்லும் பயணம் 20 மணி. அவற்றுள் ஒன்று 300 கடல் மைலுக்குக் குறையாமல், இடையே இரண்டு வேறு நிலையங்களில் இறங்கி ஏறியதாக இருத்தல் வேண்டும். வெளியே பாராமல் கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பது 10 மணி. இரவில் 5 மணி. அதில் பத்து முறை எழும்பிப் பத்து முறை இறங்க வேண்டும். ஒவ்வொரு பறப்பும் 'லாக் புத்தகம்' என்னும் ஏட்டில் நாளும் நேரமும் இட்டுப் பதியப்படும்.

தொடக்கத்தில் இருவர் இருக்கை கொண்ட அல்லது நால்வர் அமரும் சிறு விமானத்தில் பயிற்றுநர் அருகே அமர்ந்திருப்பார். மாணவி செய்வதெல்லாம் பெரும்பாலும் ஒரே சுற்று: எழும்புதல், இடப்புறம் திரும்புதல், மீண்டும் திரும்பி ஓடுபாதைக்கு இணையாக ஏறத்தாழ ஆயிரம் அடி உயரத்தில் செல்லுதல், மறுபடி இருமுறை திரும்பி இறங்குதல். நாலு பக்கமும் நாலு திருப்பமுமான செவ்வகம். இதை நூறு முறை போலச் செய்து சலித்துப்போன ஒரு காலையில், பயிற்றுநர் இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு, "நீயே ஒரு சுற்றுப் போய் வா" என்பார். தனிப்பறப்பு என்று இதற்குப் பெயர். பக்கத்து இருக்கையில் ஆளில்லாததால் விமானம் எடை குறைந்து சட்டென மேலேறும். அந்த வேறுபாட்டைக் கூட முன்கூட்டியே சொல்லி அனுப்புவர்.

பறப்பதோடு எழுத்துத் தேர்வுகளும் உண்டு. வான்வழி விதிகள், வானிலையியல், நேவிகேஷன் என்னும் வழியறிதல், விமானத் தொழில்நுட்பம் ஆகியவை. நூற்றுக்கு 70 எடுத்தால்தான் தேர்ச்சி. நம் தேர்வுகளைப் போல 35 போதாது. வானொலியில் பேசுவதற்குத் தனித்தேர்வு.

கணிதத்தைக் கண்டு அஞ்சும் தங்கைகளுக்காக வழியறிதலில் ஒரு கணக்கைப் பார்ப்போம். சென்னையிலிருந்து திருச்சிக்கு வான்வழியே ஏறத்தாழ 300 கி.மீ. பயிற்சி விமானத்தின் வேகம் மணிக்கு 180 கி.மீ. என்று கொள்வோம். பயணம் 100 நிமிடம். வலப்பக்கமிருந்து மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் குறுக்குக் காற்று வீசுகிறது. சைக்கிளில் போகிறவளின் வேகம்தான்; பெரிய காற்றன்று. ஆனால் திருச்சியை நோக்கி மூக்கை வைத்து நேரே ஓட்டினால், 100 நிமிடத்தில் இக்காற்று விமானத்தை 30 கி.மீ. இடப்புறம் தள்ளியிருக்கும். மலைக்கோட்டையைத் தேடும் விமானி தஞ்சைப் பக்கத்து வயல்களைப் பார்த்துக் கொண்டிருப்பார்.

இதைத் திருத்த விமானிகள் கையாளும் எளிய விதி ஒன்றுண்டு. 60 கி.மீ. தூரத்தில் 1 கி.மீ. விலகினால் திசைப்பிழை ஏறத்தாழ 1 பாகை. 300-இல் 30 என்றால் 60-இல் 6. ஆகவே புறப்படும்போதே மூக்கை 6 பாகை வலப்புறம், காற்று வரும் பக்கமாகத் திருப்பிவைத்துப் பறக்க வேண்டும். ஆற்றைக் கடக்கும் ஓடக்காரர் எதிர்க்கரைத் துறைக்குச் சற்று மேலே குறிவைப்பது இதே கணக்கினால்தான். 60 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதை வட்டத்தின் சுற்றளவுப் பாடத்தைத் திறந்து பார்த்தால் புரியும்: ஆரம் 60 உள்ள வட்டத்தின் சுற்றளவு ஏறத்தாழ 377, அதை 360 பாகைக்கும் பங்கிட்டால் பாகைக்கு ஒன்றுக்குச் சற்று மேல் வரும். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும் என்ற விதி நெடுங்காலமாக இருந்து வருவதன் காரணமும் இதனால் விளங்கும்.

இப்பயிற்சி எங்கே கிடைக்கும்? ஒரு காலத்தில் மீனம்பாக்கத்திலேயே கிடைத்தது. 1930-ஐ ஒட்டித் தோன்றிய சென்னைப் பறக்கும் கழகம் அங்கே நெடுங்காலம் சிறு விமானங்களில் கற்றுக் கொடுத்தது. பெரிய விமானங்களின் போக்குவரத்துப் பெருகப் பெருக, அவற்றின் நடுவே பயிற்சி விமானத்துக்கு இடம் கிடைப்பது அரிதாயிற்று. தாம்பரத்தில் விமானப் படையின் பயிற்றுநர் பள்ளி 1954 முதல் இருக்கிறது; அங்கே கற்பவர் பயிற்றுநர்கள், நம்மைப் போன்றோர் அல்லர்.

மத்திய அரசு அமைத்த இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாதமி உத்தரப் பிரதேசத்தில் ஃபர்சத்கஞ்ச் என்னும் ஊரில் 1980-களின் நடுவிலிருந்து விமானிகளை உருவாக்கி வருகிறது. அதே ஊரில்தான், 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ராஜீவ் காந்தி தேசிய விமானப் போக்குவரத்துப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. இரண்டும் அண்டை அயலில் இருந்தும், ஒன்று பறக்கக் கற்பிக்கிறது. மற்றொன்று பட்டம் வழங்குகிறது என்ற வேறுபாட்டை இங்கும் காண்கிறோம். பல்கலைக்கழகமே விமான நிலையம் வைத்துப் பறக்கவும் கற்பிக்கும் வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியது. அங்கே பர்டியூ பல்கலைக்கழகம் 1930-களிலேயே தனக்கென விமான நிலையம் கொண்டிருந்தது. அட்லாண்டிக் கடலைத் தனியே பறந்து கடந்த அமீலியா இயர்ஹார்ட் 1935-இல் அங்கே மாணவியருக்குத் தொழில் ஆலோசகராகச் சேர்ந்தார்.

பட்டமும் உரிமமும் ஒருங்கே பெற்ற இந்தியப் பெண் என்றால் கல்பனா சாவ்லா நினைவுக்கு வருகிறார். ஹரியானாவில் கர்னால் என்னும் சிற்றூரில், பறக்கும் கழகத்தின் விமானங்களைப் பார்த்து வளர்ந்தவர். நம்மைப் போல என்று சொல்லலாம். 1982-இல் சண்டிகரில் வானூர்திப் பொறியியல் பட்டம், பின்னர் அமெரிக்காவில் முனைவர் பட்டம், அதனோடு விமானி உரிமமும் பறப்புப் பயிற்றுநர் தகுதியும் பெற்றார். 2003 பிப்ரவரி 1-இல் கொலம்பியா விண்கலம் சிதறியபோது உயிரிழந்தார்.

அவருக்கு முன்னோடிகள் உண்டு. 1936-இல் லாகூரில் சரளா துக்ரால் சேலை உடுத்தியபடியே ஜிப்ஸி மாத் விமானத்தைத் தனியே ஓட்டினார். அப்போது அவர் 21 வயதுத் தாய். வணிக உரிமம் பெற அவர் எடுத்த முயற்சி, விமானியான கணவர் 1939-இல் விபத்தில் இறந்ததாலும் உலகப் போர் மூண்டு பயிற்சி நின்றதாலும் கைகூடவில்லை. ஓவியக் கலை பயின்று அதில் சிறந்தார். பிரேம் மாத்தூரை எட்டு நிறுவனங்கள் பெண் என்பதால் மறுத்தன என்பர். ஐதராபாத்தின் டெக்கான் ஏர்வேஸ் ஏற்றுக்கொண்டது. உஷா சுந்தரம் 1949-இல் பெங்களூர் ஜக்கூர் அரசுப் பயிற்சிப் பள்ளியில் தேறியவர். 1951-இல் சென்னை அரசுக்கென வாங்கிய டவ் விமானத்தைக் கணவர் வி.சுந்தரத்துடன் இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தார். இன்று இந்தியாவில் விமானிகளுள் நூற்றுக்குப் பத்துக்கு மேற்பட்டோர் பெண்கள். உலகில் வேறு பெரிய நாடுகளில் இவ்வளவு இல்லை.

பெற்றோருக்குக் கவலை தருவது பெண் என்பதைவிடப் பணம்தான். 200 மணி நேரப் பயிற்சிக்கு நாற்பது இலட்சம் ரூபாயும் அதற்கு மேலும் ஆகிறது. உரிமம் பெற்ற பின், ஏர்பஸ் போன்ற குறிப்பிட்ட பெரிய விமானத்துக்கான பயிற்சிக்குத் தனிச் செலவு. வேலை உடனே கிடைக்கும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே பணம் கட்டுமுன் நேரில் சென்று கேட்க வேண்டியவை உண்டு. இப்பள்ளி டி.ஜி.சி.ஏ. அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா? மாணவர் எத்தனை பேர், பறக்கும் நிலையில் உள்ள விமானங்கள் எத்தனை? கொட்டகையில் நிற்பவற்றையும் சேர்த்துச் சொல்வதுண்டு. ஓடுபாதைக்கு எது போகிறது என்று ஒரு நாள் முழுதும் உட்கார்ந்து பார்ப்பது நல்லது. சென்ற ஆண்டு சேர்ந்த மாணவி மாதம் எத்தனை மணி நேரம் பறந்தாள்? அவளுடைய லாக் புத்தகத்தைக் காட்டச் சொல்லலாம். மாதம் பதினைந்து மணி பறந்தால் பதினான்கு மாதத்தில் முடியும்; ஐந்து மணி பறந்தால் மூன்றாண்டுக்கு மேல் ஆகும், விடுதிச் செலவும் கடன் வட்டியும் அதற்கேற்பக் கூடும். முழுத் தொகையையும் முதல் நாளே கேட்கும் இடத்தில் அவசரப்பட வேண்டா.

பணமில்லாத வீட்டுப் பெண்ணுக்கும் வழி இருக்கிறது. விமானப் படை தன் செலவில் கற்பிக்கிறது. 1990-களிலிருந்து அங்கே பெண் விமானிகள் உண்டு. 2016-இல் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் ஆகிய மூவர் போர் விமானப் பிரிவில் சேர்ந்தனர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்கள் 2022 முதல் தேசியப் பாதுகாப்பு அகாதமியிலும் சேர்கின்றனர். முதல் அணியில் 17 பேர் 2025 மே மாதம் தேறி வெளிவந்தனர். அங்கே பயில்வோர் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகப் பட்டமும் பெறுகின்றனர். தேர்வு கடினம், ஆனால் கட்டணம் இல்லை.

எவ்வழியானாலும் முதற்படி மருத்துவச் சோதனை. இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று என்பதை டி.ஜி.சி.ஏ. ஏற்ற மருத்துவரிடம் சில ஆயிரம் ரூபாயில் பெறலாம். வணிக உரிமத்துக்கு இதைவிடக் கடுமையான முதல் வகுப்புச் சான்று வேண்டும். கண்ணாடி அணிந்தவள் என்பதற்காகவே எவளும் ஒதுங்க வேண்டியதில்லை. கண்ணாடியுடன் பார்வை சரியாக இருந்தால் ஏற்பர். ஆனால் நிறங்களைப் பிரித்தறிதல் வேண்டும். இரவில் ஓடுபாதையின் சிவப்பு, பச்சை, வெள்ளை விளக்குகளைக் கொண்டே வழியறிய வேண்டியிருக்கிறது. நிறக்குறை இருப்பது பலருக்குச் சோதனை செய்யும் வரை தெரிவதில்லை. முப்பது, நாற்பது இலட்சம் கட்டிய பிறகு அதை அறிவதைக் காட்டிலும், பதினொன்றாம் வகுப்பு விடுமுறையில் ஒரு கண் மருத்துவரிடம் புள்ளிகளால் ஆன எண் அட்டைகளைப் படித்துக் காட்டுவது எளிது. பத்து நிமிட வேலை. மற்றக் கணக்குகளை அதன் பிறகு போடலாம்.